பதினான்கு வயதுக்குள் கோப்பை எதற்கு?



இளையோர் கால்பந்தில் நீண்டகால வீரர் வளர்ச்சி பற்றிப் பேச இந்தச் சாரல் காலத்தில் குற்றாலத்தில் கூடியிருக்கிறோம். ஒரு சின்னக் கணக்கைச் சொல்லித் தொடங்குகிறேன். குறுவட்டப் போட்டிக்கு எட்டுப் பள்ளிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நாக் அவுட் முறையில் மொத்தமே 7 ஆட்டங்கள்தான். நான்கு பள்ளிகள் ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்பிவிடும். அதே எட்டு அணிகளை லீக் முறையில் ஆடவிட்டால் 28 ஆட்டங்கள். ஒவ்வொரு அணிக்கும் 7. முதல் சுற்றில் தோற்ற பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனுக்கு அந்த ஆண்டின் போட்டிக் கால்பந்து பெரும்பாலும் அன்றே முடிந்துபோகிறது. அந்த ஓர் ஆட்டத்திலும் பெரியவர்களின் மைதானத்தில், இருபத்திரண்டு பேர் நடுவில், பந்து அவன் காலுக்கு எத்தனை முறை வந்திருக்கும்?

இதற்காக நான் உடற்கல்வி ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு நாளில் எல்லாப் பிரிவையும் முடிக்கச் சொல்கிறார்கள். பஸ் செலவும் சாப்பாடும் பல நேரம் அவர்கள் கையிலிருந்து போகிறது. பள்ளிக்கு ஒரு கோப்பை வந்தால்தான் அடுத்த ஆண்டு பந்து வாங்கப் பணம் கிடைக்கும். அப்படியிருக்க, எந்த ஆசிரியர்தான் குள்ளமான, ஆனால் கூர்மையான பையனை நம்பி இறக்குவார்? உயரமானவனைப் பின்வரிசையில் நிறுத்தி, பந்தை ஓங்கி அடிக்கச் சொல்வதே அவருக்குப் பாதுகாப்பு. போட்டி எப்படியோ பயிற்சியும் அப்படியே அமைகிறது.

உடல் வளர்ச்சி இங்கேதான் விளையாடுகிறது. பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ 14 வயதிலும் மிக வேகமாக உயர்வார்கள். இது சராசரிதான், ஒரே வகுப்பில் ஒருவன் ஓராண்டு முந்துவான், இன்னொருவன் ஈராண்டு பிந்துவான். 14 வயதுக்குட்பட்டோர் அணியில் மீசை அரும்பியவனும் குழந்தை முகம் மாறாதவனும் ஒரே சட்டை போட்டு நிற்கிறார்கள். முந்தியவன் தேர்வாகிறான், கூடுதல் பயிற்சி பெறுகிறான். பிந்தியவன் வீட்டுக்குப் போகிறான். அவன் வளர்ந்து முடிக்கும்போது மைதானத்தில் அவனுக்கு இடமில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே தேர்வில் அதிகம் இடம் பிடிப்பதை ராஜர் பார்ன்ஸ்லி 1985-இல் கனடாவின் ஐஸ் ஹாக்கியில் காட்டினார். பிறகு கால்பந்திலும் அதே நிலை பல நாடுகளில் தெரியவந்தது. நம் விளையாட்டு விடுதிகளில் 7-ஆம் வகுப்பிலேயே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. அந்த வயதுத் தேர்வில் நாம் பார்ப்பது திறமையையா, முந்திய வளர்ச்சியையா?

வளரும் வேகத்தில் முழங்காலுக்குக் கீழே புடைத்து வலிப்பதும், குதிகால் வலிப்பதும் இந்த வயதில் சாதாரணம். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லி இன்னும் இரண்டு சுற்று ஓடவிடும் வழக்கம் நிற்க வேண்டும். சுவரில் ஒரு டேப்பை ஒட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வைத்தால் போதும், யார் எப்போது வேகமாக வளர்கிறார்கள் என்று தெரிந்துவிடும். உட்கார்ந்த உயரத்தையும் சேர்த்து அந்த வேக வளர்ச்சிக் காலத்தைக் கணக்கிடும் மிர்வால்டின் 2002 சூத்திரத்தைச் சிலர் பயன்படுத்துகிறீர்கள். அது கனடா, பெல்ஜியம் பிள்ளைகளின் அளவுகளிலிருந்து பிறந்தது. கடையநல்லூர், சங்கரன்கோவில் பிள்ளைகளுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதைச் சோதித்துச் சொல்வது இந்த அரங்கிலிருக்கும் ஆய்வாளர்களின் வேலை.

நீண்டகால வீரர் வளர்ச்சிக்கான இஸ்த்வான் பாலியின் படிநிலை மாதிரியையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்ன வயதில் இன்ன திறனுக்குக் கதவு திறக்கும், தவறவிட்டால் மூடிவிடும் என்ற அதன் பகுதிக்குப் போதிய சான்றில்லை என்று பால் ஃபோர்டும் அவர் குழுவினரும் 2011-இல் எழுதியிருக்கிறார்கள். எனினும் அவசரப்படாதே என்ற அதன் அடிப்படை சரியானது. 2000 யூரோ கோப்பையை நெதர்லாந்தோடு சேர்ந்து நடத்திய பெல்ஜியம் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதன்பின் மிஷெல் சப்லோன் முன்னின்று செய்த மாற்றங்களில் சிறுவர்களுக்கான சிற்றணி ஆட்டங்கள் முக்கியமானவை. ஏழு, எட்டு வயதுப் பிரிவுகளில் புள்ளிப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். 2018 உலகக் கோப்பையில் அந்த நாடு மூன்றாமிடம் பிடித்தது.

நமக்கும் முன்னோடிகள் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்த சைமன் சுந்தரராஜ், பிறகு பயிற்றுநராகி 1973-இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வென்று தந்தார். சென்னை வியாசர்பாடித் தெருக்களில் ஆடிய தனபால் கணேஷும் நந்தகுமார் சேகரும் இந்திய அணி வரை போனார்கள். காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரின் சிவசக்தி 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் பெங்களூரு அணிக்காகக் கோல் அடித்தார். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இலும் 2023-இலும் தேசியப் பட்டம் வென்றது. 2019-இல் மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஆயினும் பதின்மூன்று வயதில் மைதானத்தை விட்டு விலகும் பெண் பிள்ளைகளை எண்ணினால் மனம் ஆறவில்லை. உடை மாற்ற ஓர் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் இல்லாத மைதானத்தில் அவர்களுக்கு நீண்டகால வளர்ச்சி பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை.

நாம் கூடியிருக்கும் தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். புதிய மாவட்டத்துக்குப் புதிய பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் மேல்காற்றில் உயரத் தூக்கி அடித்த பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. தரையோடு பந்தைக் கொண்டுபோகும் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. கபடி ஆடி வளரும் பிள்ளைகளுக்கு உடலைத் தாழ்த்தித் திரும்பவும், ஏமாற்றி நழுவவும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பன்னிரண்டு வயது வரை கபடியையும் கால்பந்தையும் சேர்த்தே ஆடட்டும். கபடிக்குப் போனான் என்று எந்தப் பிள்ளையையும் அணியிலிருந்து நீக்க வேண்டாம்.

நாளை மாலை அமர்வில் ஒரு முன்மொழிவை வைக்கப்போகிறேன். 14 வயதுக்குட்பட்டோர் குறுவட்டப் போட்டியை ஏழு பேர் அணியாக, சிறிய மைதானத்தில், லீக் முறையில் ஓராண்டு நடத்திப் பார்ப்போம். வந்த பிள்ளைகள் அனைவரும் ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதி நேரமாவது ஆட வேண்டும். வெற்றியாளருக்குக் கோப்பை கிடையாது. பிள்ளைகள் பந்தைத் தொட்ட எண்ணிக்கையையும், அடுத்த ஆண்டு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்ய வேண்டும். இதை மறுப்பவர்கள் தயங்காமல் எழுந்து பேச வேண்டும். செலவையும் விடுமுறையையும் பற்றிய கேள்விகள் ஆசிரியர்களிடமிருந்தே வரட்டும். இப்போது முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.