களம் காணுமுன் வீழ்ந்தவர்கள்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வீரர் ஒருவரைப் பற்றிப் பேசுக என்று காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். களத்திலே மார்பிற் புண்பட்டு வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி வழிபட்ட மக்கள் நாம். புறமுதுகிற் புண்பட்டவனை இகழ்ந்ததும் நாம்தான். இவ்விரண்டிலும் சேராத புண் ஒன்று உண்டு. பகைவனைக் காணுமுன்னரே, பயிற்சித் திடலிலே, கை நழுவியோ கால் வழுக்கியோ விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவனுடைய புண் அது. அவனுக்கு நடுகல்லும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. ஐயோ பாவம் என்ற ஒரு சொல்லோடு உலகம் அவனைக் கடந்து போய்விடுகிறது. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

நம்முடைய கரையோரத்திலே படை, போர் என்றால் எவருடைய படை என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்விக்கு நான் இன்று வரவில்லை. முறிந்த முள்ளந்தண்டுக்குக் கட்சி கிடையாது.

தமிழ்நாட்டிலே, குற்றால மலைச் சாரலுக்கு அண்மையில், ஆய்க்குடி என்று ஓர் ஊர் உண்டு. பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் கொண்டிருக்கும் தலம். முன்னர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூரிற் பிறந்த எஸ். இராமகிருஷ்ணன் என்னும் வாலிபர் பொறியியற் கல்லூரியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். கடற்படை அதிகாரியாக வேண்டும் என்பது அவருடைய அவா. 1975ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பெங்களூரிலே நடந்த தேர்வுக்குச் சென்றார். உடல் வலிமையைச் சோதிக்கும் தடைகளுள் ஒன்றிலே உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பு நொறுங்கியது. கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று.

கவனியுங்கள்: அவர் அப்பொழுது படைவீரர் அல்லர், பயிற்சி மாணவர்கூட அல்லர். படையின் வாசற்படியிலே நின்ற விண்ணப்பதாரர். உடுப்பு அணியவில்லை, சம்பளப் புத்தகம் இல்லை. ஆனாலும் படை கேட்ட சோதனையிலேதான் அவருடைய உடல் போயிற்று.

இந்த இடத்திலே வைத்திய சரித்திரம் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலாம் உலகப் போர்க் காலத்திலே முள்ளந்தண்டு முறிந்த போர்வீரரிற் பெரும்பாலோர் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ இறந்தார்கள். அவர்களைக் கொன்றது முறிவு அன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பை வழியாக ஏறும் நச்சுக் கிருமியுமே கொன்றன. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையிலே, நாஜிகளுக்குத் தப்பி வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். அவர் செய்த புதுமை பெரிய யந்திரம் ஒன்றும் அன்று. நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் பகலிலும், புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். சிறுநீரைச் சுத்தமாக வெளியேற்றும் முறையை வகுத்தார். பிறகு, படுத்திருந்தவர்களை எழுப்பி உட்கார வைத்து வில்லும் அம்பும் கையிலே கொடுத்தார். 1948 ஜூலை 29ஆம் திகதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்தபடி வில்வித்தைப் போட்டியிலே கலந்துகொண்டார்கள். அந்த விதையிலிருந்து முளைத்ததுதான் இன்றைய பராலிம்பிக். 1965 யுத்தத்திலே குண்டுபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பெட்கர், 1972இல் ஹைடல்பேர்க் நகரிலே 50 மீற்றர் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்றார் என்பதை இங்கேயுள்ள வாலிபர்கள் அறிந்திருப்பார்கள். அவரைப் பற்றிச் சினிமாவே வந்துவிட்டதல்லவா!

ஆய்க்குடி வாலிபரிடம் திரும்புவோம். பெங்களூரிலிருந்து அவர் புனாவின் கிர்க்கி இராணுவ வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே அவருக்குச் சிகிச்சை செய்தவர் அமர்ஜித் சிங் சகல் என்னும் விமானப்படை வைத்தியர். சீக்கியர் ஒருவர், தமிழ் வாலிபன் ஒருவனின் செயலற்ற உடம்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை; மிஞ்சியிருக்கும் வாழ்வை என்ன செய்யலாம் என்ற எண்ணத்தையும் அவனுக்குள் ஊன்றினார். ஊருக்குத் திரும்பிய இராமகிருஷ்ணன் 1981இல், ஐக்கிய நாடுகள் சபை அங்கவீனர் ஆண்டாகப் பிரகடனம் செய்த அதே ஆண்டில், ஒரு கீற்றுக் கொட்டகையிலே ஐந்து பிள்ளைகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். தன்னைத் தேற்றிய வைத்தியரின் பெயரையே அதற்கு இட்டார்: அமர் சேவா சங்கம்.

வடமொழியிலே அமரர் என்றால் சாவில்லாதவர். நம் தமிழிலோ அமர் என்றால் போர்; அமர் என்றால் உட்கார் என்றும் பொருள். உட்கார்ந்தபடியே ஒருவர் செய்த போருக்கு இதைவிடப் பொருந்தும் பெயரை எந்தப் புலவரும் வைத்திருக்க மாட்டார். பெயர் வைத்தவர் இத்தனையும் எண்ணி வைத்தாரோ என்னவோ, எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

அந்த ஐந்து பிள்ளைகளின் கொட்டகை இன்று பல ஏக்கர் வளாகம். உடற்குறை உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒரே வகுப்பிலே படிக்கும் பள்ளி அங்கே உண்டு. செயற்கைக் கால்களும் ஊன்றுகருவிகளும் செய்யும் பட்டறை உண்டு. தொழிற் பயிற்சி உண்டு. முள்ளந்தண்டு முறிந்தவர்கள் தங்கி, தம் உடம்பைத் தாமே பேணக் கற்கும் இடம் உண்டு. பணியாளர்கள் கிராமங்களுக்கே சென்று குழந்தைகளின் குறைபாட்டை இளமையிலேயே கண்டறிகிறார்கள். இராமகிருஷ்ணனோடு தோள் கொடுத்த எஸ். சங்கரராமன் ஒரு பட்டயக் கணக்காளர்; அவரும் தசை நலிவு நோயினாற் சக்கர நாற்காலியில் இருப்பவரே. 2020இல் இந்திய அரசு இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

ஒருவர் எழுந்தார் என்பதனால் எல்லாரும் தாமாக எழுந்துவிடுவர் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவிலே அதிகாரிப் பயிற்சி பெறும் மாணவர் பயிற்சியிலே அங்கம் இழந்தால், அதிகாரிப் பதவி ஏற்கவில்லை என்ற காரணத்தினால், முன்னாட் படைவீரர் என்ற தகுதி அவருக்கு இல்லை. ஆதலால் அத்தகுதியோடு வரும் வைத்திய வசதியும் இல்லை என்றிருந்தது. மாதந்தோறும் ஒரு கருணைத் தொகை மட்டும் உண்டு. 1985 முதல் ஏறக்குறைய 500 மாணவர் இவ்வாறு வெளியேற்றப்பட்டனர் என்று 2025 ஆகஸ்டில் ஒரு பத்திரிகை எழுதிற்று. அதைக் கண்ட இந்திய உச்ச நீதிமன்றம், எவரும் வழக்குப் போடாமலே, தானாக விசாரணையைத் தொடங்கியது. விசாரித்த இரு நீதிபதிகளுள் மகாதேவன் அவர்கள் தமிழ்நாட்டவர். அம்மாத முடிவிலேயே, முன்னாட் படைவீரருக்குரிய வைத்தியத் திட்டத்தை இவர்களுக்கும் திறந்துவிட அரசு முன்வந்தது. களத்திலே விழுந்தவனுக்கும் பயிற்சித் திடலிலே விழுந்தவனுக்கும் முறிகிற எலும்பு ஒன்றே. அவனைப் புரட்டிப் போட வேண்டிய தாயின் கையும் ஒன்றே. இந்தச் சிறிய நியாயத்தை அரசாங்கம் ஒன்று உணர 40 ஆண்டு ஆயிற்று. கருணைத் தொகை என்ற பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. கடனைத் திருப்பிக் கொடுப்பவன் அதைக் கருணை என்று சொல்வதுண்டோ?

அம்மாணவர்களுள் ஒருவர் ஹரியானாவைச் சேர்ந்த நவீன் குலியா. டேராடூன் இராணுவக் கழகத்திலே 1995இல், பயிற்சி முடியும் தறுவாயில், தடை தாண்டும் போட்டியில் விழுந்து கழுத்து முறிந்தவர். 2004இல், கையினாலேயே இயக்கும்படி மாற்றிய மோட்டார் வண்டியை ஓட்டிக்கொண்டு, டெல்லியிலிருந்து லடாக்கின் 18,000 அடிக்கு மேற்பட்ட மார்சிமிக் கணவாய்க்குப் போனார். பின்னர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு ஸ்தாபனம் நடத்தினார். மலை ஏறியதைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. பிள்ளைகளைப் பேணியதே பெரிது என்பது என் எண்ணம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் நினைக்கக்கூடும். கோமாரியிலிருந்து அக்கரைப்பற்று வரையும் தென்னை ஏறுகிறவர்கள் எத்தனை பேர்! கூரை வேய்கிறவர்கள், மோட்டார் சைக்கிளில் பொத்துவில் வீதியிலே பறக்கிற வாலிபர்கள் எத்தனை பேர்! மரத்திலிருந்து ஒருவன் விழுந்தால் நாம் செய்வது என்ன? கையையும் காலையும் பிடித்து, மடக்கித் தூக்கி, ஆட்டோவிலே திணித்துக் கொண்டு ஓடுகிறோம். அன்பினாற் செய்கிறோம், ஆனால் அந்த மடக்கலிலே, அரைகுறையாய் முறிந்த தண்டு முழுதாய் அறுந்துபோகலாம். விழுந்தவனை அசைக்காமல், தலையையும் கழுத்தையும் உடம்போடு ஒரே நேர்கோட்டிலே பிடித்து, நாலைந்து பேர் ஒன்றாக மரக்கட்டையைப் போல உருட்டி, ஒரு பலகையிலே கிடத்த வேண்டும். அம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் கழுத்தை விடாமற் பிடித்திருக்க வேண்டும். இதைச் சங்கத்து வாலிபர் ஒவ்வொருவரும் செய்து பழக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு? சபையிலே கூசத்தக்க விஷயம்தான். ஆனாலும் தாய்மாரை முன்னிட்டுச் சொல்கிறேன். உணர்ச்சியற்ற தோலுக்கு நோவு தெரியாது. ஆகையால் அவனுக்காக நாம் தினமும் இடுப்பையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அந்தப் பக்கம் படுக்க விடக்கூடாது. சிறுநீர்க் குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவிய கையால் மட்டுமே தொட வேண்டும். காய்ச்சல் வந்தால் சூடு என்று இருந்துவிடாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பெரியபுராணத்திலே தண்டியடிகளைப் படித்திருக்கிறோம். கண் தெரியாதவர், திருவாரூர்க் குளத்தைத் தூர் வாரத் துணிந்தார். எப்படிச் செய்தார்? குளத்துள்ளும் கரையிலும் தறி நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டு மண் சுமந்தார். பின்னர் இறைவன் கண் கொடுத்ததை நாம் மெய்சிலிர்த்துக் கேட்கிறோம். அந்தக் கயிற்றைப் பற்றி எந்தப் பிரசங்கியாரும் நின்று பேசியதை நான் கேட்டதில்லை. கண் வரும்வரைக்கும் அவரைத் தொண்டராக வைத்திருந்தது அந்தக் கயிறுதானே!

நம் ஊருக்கு அந்தக் கயிறு எது? நமது நாட்டிலே அங்கவீனர் உரிமைச் சட்டம் 1996இலேயே வந்தது. பொதுக் கட்டிடங்களுக்குச் சாய்வுப் பாதை வேண்டும் என்ற விதிகள் 2006இல் வந்தன. இக்காலத்திலே மாற்றுத்திறனாளி என்று சொல்கிறோம்; பெயர் மாறியது நன்று, படிக்கட்டுத்தான் மாறவில்லை. ஆடி மாதத்துக்கு முன் கதிர்காம பாதயாத்திரிகர் நம் வீதியாலே போகும்போது, சோறும் தண்ணீரும் கொடுக்கும் பந்தலிலே கணக்கு எழுதச் சக்கர நாற்காலியில் ஒருவர் வர விரும்பினால், இந்த மணலிலே அவருடைய சில்லு புதையும். இம்மண்டபத்திலே கூட்டம் என்றால், இரண்டு பேர் அவரை மூட்டை போலத் தூக்கி வர வேண்டும். மானமுள்ளவன் ஒரு முறை வருவான், மறுமுறை வரமாட்டான்.

சாய்வுப் பாதைக்குக் கணக்கு எளிது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். நமது வாசலிலே ஆறு அங்குலப் படிகள் மூன்று, 18 அங்குலம். ஆகவே 18 அடி நீளமும், குறைந்தது மூன்றடி அகலமும், ஓரத்திலே பிடிக்க ஒரு கம்பியும் வேண்டும். முற்றத்தின் வடபக்கத்தை இன்று காலை அளந்து பார்த்தேன். 26 அடி இடம் கிடக்கிறது. மேசன் வேலை தெரிந்த வாலிபர் மூவர் இச்சபையிலேயே இருக்கிறார்கள். அடுத்த பொதுக் கூட்டத்தில் இதனை முதல் விஷயமாக எடுத்துக்கொள்ளும்படி காரியதரிசி அவர்களை வேண்டி அமர்கின்றேன்.