இதயத்தில் எழும் ஆலயம்

(ஆலயத் திருவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாரடைப்பிலிருந்து மீண்டவன் என்ற முறையில் சில வார்த்தைகள் கூறுமாறு நிர்வாகத்தினர் பணித்தனர். உயிர் பிழைத்தவர் உள்ளத்தில் முதலில் சுரப்பது நன்றியுணர்வு. நம்மவரிடையே அது நேர்த்திக்கடனாக உருக்கொள்கிறது. நான் குணமடைந்தால் மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவருக்குக் காவடி எடுப்பேன் என்று என் துணைவியார் வேண்டிக்கொண்டார். மருத்துவரோ, பாரம் சுமக்கலாகாது என்றார். கடன் தவறினால் தெய்வக் குற்றமாகுமோ என்று எங்கள் இல்லமே கலங்கியது.

அக்கலக்கத்தைத் தீர்த்தவர் சேக்கிழார் பெருமான். அவர் பாடிய பெரிய புராணத்தில் வரும் திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரிடம் கோயில் கட்டப் பொருளில்லை. ஆகவே மனத்திலேயே பொருள் திரட்டி, நல்ல நாள் பார்த்து, அடித்தளம் முதல் சிகரம் வரை முறை பிறழாமல் நெடுநாள் எழுப்பினார். அவர் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளைக் காஞ்சியில் பல்லவ மன்னனும் தன் கற்கோயிலுக்குக் குறித்திருந்தான். இறைவன் கனவில் தோன்றி, மன்னனைத்தான் நாளை மாற்றிக்கொள்ளப் பணித்தார். இன்றும் திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலுக்கு இதய நோயாளிகள் வந்து வழிபடுகின்றனர்.

இதில் நமக்குப் பாடமுண்டு. மாரடைப்பில் மடிந்த தசை மீண்டும் துளிர்ப்பதில்லை. சில வாரங்களில் அது தழும்பாகிறது. எஞ்சிய தசையே வாழ்நாள் முழுதும் உழைக்க வேண்டும். பிரட்டுக்கு மணியடித்ததும் ஓடிப் பழகியவர்கள் நாம். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இரப்பர் போய்ச் செம்பனை வந்த பின்னும் அவ்வோட்டம் நம்மை விடவில்லை. வேளை தவறாத மருந்து, அளவான நடை, குறைந்த உப்பு, புகையற்ற மூச்சு ஆகியவற்றை நாள்தோறும் ஒவ்வொரு கல்லாக அடுக்குவதே பூசலார் வழி.

இன்னொன்று: நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ வலி, திடீர் வியர்வை கண்டால், வாயு என்றெண்ணித் தைலம் தேய்த்துக் காத்திராதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள். நீரிழிவுள்ளோர்க்கு வலி தெரியாமலும் மாரடைப்பு வரலாம்.

குருக்களின் ஒப்புதலோடு, அன்னதானத்திற்கு அமர்ந்தபடி காய்கறி நறுக்கித் தருகிறேன். அதுவே என் காவடி.