பாதத்தையும் ஒருமுறை பார்ப்போம்

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்துக்குள் வந்தாலே எங்களுக்குத் திங்கட்கிழமைக் காலைகள்தான் ஞாபகம் வரும். பிரார்த்தனை முடிந்ததும் வரிசையில் நின்று இரண்டு கைகளையும் நீட்டுவோம். மனையியல் ரீச்சர் ஒவ்வொரு நகமாகப் பார்த்துக்கொண்டு வருவார். நகம் வளர்ந்திருந்தால் அடிமட்டத்தால் ஒரு தட்டு விழும். சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் கால் நகம் பார்த்த நாட்களும் உண்டு. இன்று நாங்கள் பேச வந்திருப்பது தோல் புற்றுநோயைப் பற்றி. அதை அந்த ரீச்சரை விட்டுவிட்டுப் பேச எங்களால் முடியாது.

ரீச்சர் ஓய்வுபெற்றுப் பல வருடங்களின் பின் ஒருநாள் எங்களிடம் வந்தார். இடது உள்ளங்காலில், குதிக்கு அருகே, ஒரு கறுப்பு அடையாளம். முள் குத்தியது என்று முதலில் விட்டுவிட்டார். பிறகு கால் ஆணி என்று ஓரிடத்தில் மருந்து கொடுத்தார்கள். புண்ணானதும், சீனி வருத்தப் புண் என்று இன்னோரிடத்தில் மருந்து கட்டினார்கள். இப்படி இரண்டு வருடம் போயிற்று. எங்களிடம் வரும்போது தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. அது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய். பதினான்கு மாதங்களின் பின் ரீச்சர் எம்மை விட்டுப் பிரிந்தார்.

எங்கள் வகுப்பில் வைத்தியர்களானவர்கள் பலர். கலியாணத்துக்கு முன்னும், பட்டம் பெற்ற பின்னும் ரீச்சரின் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டு வணங்கியிருக்கிறோம். அந்தக் காலின் அடிப்பக்கத்தைப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரரின் வருத்தம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. நமது தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் வெயிலிலிருந்து ஓரளவு காக்கிறது. அதனால் நமக்கு இந்நோய் குறைவு. ஆனால் நம்மைப் போன்ற நிறத்தவருக்கு மெலனோமா வந்தால், அது பெரும்பாலும் வெயில் படாத இடங்களிலேயே வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. பாடகர் பொப் மார்லிக்கு 1977 இல் கால் பெருவிரல் நகத்தின் கீழ் வந்ததும் இதுதான். உதைபந்தாட்டக் காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. 1981 இல், 36 வயதில் அவர் இறந்தார்.

ஆகவே நாம் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, உள்ளங்காலும் உள்ளங்கையும். மச்சம் இருப்பது பயப்படும் விடயமல்ல. ஒரு பாதி மற்றப் பாதியைப் போல இல்லாவிட்டால், ஓரம் ஒழுங்கற்று இருந்தால், கறுப்பும் மண்ணிறமும் சிவப்பும் கலந்திருந்தால், 6 மில்லிமீற்றருக்கு மேல் பெருத்தால் காட்டுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம் மாற்றம். பெரிதாகிறது, தடிக்கிறது, கசிகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். நிறமே இல்லாமல் வெறும் சிவந்த புண்ணாகவும் இது வரலாம். நாலு கிழமையில் ஆறாத எந்தப் புண்ணையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் எந்தக் காற்புண்ணையும் அதுவரை வைத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

இரண்டாவது, நகம். நம் நிறத்தவருக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது சாதாரணம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக ஒரு கோடு தோன்றி, அது அகன்றுகொண்டு போனாலோ, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்புப் பரவினாலோ உடனே காட்டுங்கள். அடிபட்டு இரத்தம் கட்டிய கறுப்பு, நகம் வளர வளர முன்னே நகர்ந்து போய்விடும். நகராமல் நின்றால் அது அடிபட்ட கறுப்பு என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, பழைய தழும்பு. இதை எங்கள் வயதினருக்கு விசேடமாகச் சொல்கிறோம். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். விளக்குச் சரிந்து எரிந்த கைகளும் கால்களும் நம்மிடையே உண்டு. ஷெல் காயங்களும் உண்டு. ஆழமாக எரிந்த தழும்பில் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் தோன்றலாம். இதனை மார்ஜொலின் புண் என்பர். அந்தத் தழும்புகளுக்கு இப்போது முப்பது வயதாகிறது. தழும்பு வெடித்து ஆறாவிட்டால், ஓரம் தடித்து உயர்ந்தால், நாற்றமோ இரத்தக் கசிவோ இருந்தால், பழைய காயம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

செய்யக்கூடாதவையும் சில உண்டு. கறுப்பு அடையாளத்தைப் பிளேட்டால் சீவ வேண்டாம்; சுண்ணாம்பு வைத்துச் சுட வேண்டாம். கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்ற கதையையும் நம்ப வேண்டாம். பயொப்சி என்பது விறைக்கும் ஊசி போட்டுச் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதுதான். அதனால் நோய் பரவாது. அதைத் தள்ளிப்போடுவதால் நோய் வளரும். மெலனோமாவின் ஆழத்தை நாங்கள் மில்லிமீற்றரில் அளக்கிறோம். ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்கையில் வெட்டி அகற்றினால் பெரும்பாலானோர் சுகமாகி விடுகிறார்கள். ரீச்சர் இழந்தது அந்த மில்லிமீற்றர்களைத்தான்.

அரசாங்க வைத்தியசாலைகளின் தோல் கிளினிக்கில் இதற்குப் பணம் இல்லை. சிகிச்சைக்கு மகரகமவுக்குத்தான் போகவேண்டும் என்றும் இல்லை. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை தெல்லிப்பளையில் இருக்கிறது. வைத்தியர்களான எங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆணி என்று மருந்து எழுதுமுன் செருப்பைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் பார்ப்போம்.

மாதத்தில் ஒருநாள், குளித்த பின், உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், தழும்பு எல்லாவற்றையும் பார்ப்போம். சந்தேகமான இடத்தை ஓர் அடிமட்டத்தை அருகில் வைத்துப் படம் எடுத்து, அதையும் கொண்டு போய்க் காட்டுவோம். வயதான அம்மாமாருக்குக் குனிந்து தங்கள் பாதத்தைப் பார்க்க முடியாது. ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவையோ மாமியையோ கதிரையில் இருத்தி, ஒரு ரோச் வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் பார்த்துவிடுங்கள். தனியாக இருக்கும் நமது ஆசிரியைகளின் வீட்டுக்கு அடுத்தமுறை போகும்போதும் அதைச் செய்வோம்.