செவ்வாயில் கண்ட விந்தைகளும் நாம் கேட்க வேண்டிய வினாக்களும்

(சங்க வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் அமர்வில் ஆற்றிய உரை)

 

கல்விப் பணியில் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த சங்கத்தின் விழா மேடையில் செவ்வாய்க் கோளைப் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் இளைஞர்கள் கைகளில் உள்ள தொலைபேசிகளில் ‘செவ்வாயில் கதவு’, ‘செவ்வாயில் மனிதன்’ என்றெல்லாம் படங்கள் நாள்தோறும் வருகின்றன. “இது மெய்தானா?” என்று அவர்கள் நம்மைக் கேட்கின்றனர். ‘பொய்’ என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அது கல்வியாகாது. மெய்யா பொய்யா என்பதைத் தாமே கண்டறியும் வழியைக் காட்டுவதே கல்வி.

செவ்வாயைப் பார்த்து மனிதன் மயங்கியது இன்று நேற்றல்ல. 1877ஆம் ஆண்டில் இத்தாலிய வானியலார் ஸ்கியாபரெல்லி, தொலைநோக்கி வழியே அக்கோளில் கோடுகளைக் கண்டதாக வரைந்தார். அவர் தம் மொழியில் ‘கனாலி’ என்றார். இயற்கையான நீர்த்தடத்தையும் அச்சொல் குறிக்கும். ஆங்கிலத்தில் அது ‘வெட்டிய கால்வாய்’ என்று பொருள்பட்டது. அமெரிக்கரான பெர்சிவல் லோவல், அவற்றை அறிவுள்ள உயிர்களே வெட்டின என்று நூல்கள் எழுதினார். 1965இல் மாரினர் 4 விண்கலம் அருகே பறந்து படமெடுத்தபோது, பெரும்பள்ளங்கள் தென்பட்டன, கால்வாய்களைக் காணோம்.

1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 விண்கலம் எடுத்த படமொன்றில் ஒரு குன்று மனித முகம்போல் தோன்றியது. ஒளியும் நிழலும் செய்த வேலை என்று விஞ்ஞானிகள் அன்றே கூறினர். எனினும் கதைகள் வளர்ந்தன. அப்படத்தில் ஒரு புள்ளி என்பது 40 மீட்டருக்கு மேற்பட்ட நிலம். மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் 2001இல் எடுத்த படத்திலோ, ஒரு புள்ளி 2 மீட்டருக்கும் குறைவு. தெளிவு கூடியதும் முகம் மறைந்தது; குன்று மட்டும் எஞ்சியது. கண்ணுக்குப் போதிய செய்தி கிட்டாதபோது, மனம் தனக்குப் பழகிய உருவத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. இது அறிவின்மையன்று, மனித இயல்பு. ஆகவேதான் சோதனை வேண்டியிருக்கிறது.

தரையில் உருண்டு செல்லும் ஊர்திகள் அனுப்பிய படங்களுக்கு வருவோம். இவற்றைக் காணும்போது கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று.

முதல் வினா: அதன் அளவு என்ன? 2007இல் ஸ்பிரிட் ஊர்தி எடுத்த படத்தில் ஒருவர் அமர்ந்திருப்பதுபோல் தோன்றியது. அளந்து பார்த்தால் சில சென்டிமீட்டர் உயரமுள்ள கல். 2022 மே மாதம் கியூரியாசிட்டி படமெடுத்த ‘கதவின்’ உயரம் ஏறத்தாழ ஒரு முழங்கூட இல்லை. பாறையில் விழுந்த வெடிப்புகள் கூடிய இடம் அது. நிலவின் மறுபக்கத்தில் சீனாவின் யூட்டு 2 ஊர்தி 2021இல் தொலைவில் கண்ட ‘குடிசையும்’ அவ்வாறே. நெருங்கிச் சென்றதும், 2022 ஜனவரியில், அது சிறியதொரு கல் என்று புலனாயிற்று.

இரண்டாம் வினா: இதற்கு முன் அவ்விடத்தில் என்ன இருந்தது? 2014 ஜனவரியில் ஆப்பர்சூனிட்டி ஊர்தியின் முன்னே ஒரு கல் திடீரெனத் தோன்றியது. விளிம்பு வெளுத்து, நடுவே சிவந்து, பழக்கூழ் வைத்த பண்டம்போல் இருந்தது. பன்னிரண்டு நாள்களுக்கு முன் எடுத்த படத்தில் அது இல்லை. அதைக் காளான் வகை உயிர் என்று சாதித்து ஒருவர் நீதிமன்றம் வரை சென்றார். விஞ்ஞானிகளோ சுற்றுப்புறத்தைத் தேடினர். ஊர்தியின் சக்கரம் ஏறி உடைத்த பாறையும், அதிலிருந்து தெறித்த துண்டே இக்கல் என்பதும் அடுத்த மாதமே தெளிவாயின.

மூன்றாம் வினா: இது யாருடையது? 2022 ஜூனில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி பளபளக்கும் தகடொன்றைக் கண்டது. அது அவ்வூர்தியைத் தரையிறக்கிய கருவியின் வெப்பக் காப்புறையிலிருந்து கிழிந்த துண்டு. நாம் போட்ட குப்பையே நமக்கு விந்தையாயிற்று!

இவ்வளவும் கேட்டு, ‘விந்தை என்பதெல்லாம் வெறுங்கதை’ என்று நகைத்து ஒதுக்குவதும் தவறேயாகும். 2004இல் ஆப்பர்சூனிட்டி இறங்கிய இடத்தில் மிளகு போன்ற சிறு உருண்டைகள் சிதறிக் கிடந்தன. அவற்றில் முகமும் இல்லை, கதவும் இல்லை. ஆயினும் கருவிகளால் ஆய்ந்தபோது, அவை ஹேமடைட் என்னும் இரும்புக் கனிமம் என்றும், நீர் ஊறிய பாறையில் விளைந்தவை என்றும் தெரிந்தது. வறண்ட செவ்வாயில் ஒருகாலத்தில் நீர் இருந்தது என்பதற்கு அவ்வுருண்டைகள் சான்றாயின.

2024 ஜூலையில் பெர்சிவியரன்ஸ், சிறுத்தைப்புள்ளி போன்ற திட்டுகள் உடைய பாறையைக் கண்டது. பூமியில் இத்தகைய திட்டுகள் நுண்ணுயிர்களின் செயலாலும் உண்டாகும், உயிரின்றியும் உண்டாகலாம். 2025இல் வெளியிட்ட ஆய்வுரையில் விஞ்ஞானிகள் ‘உயிரைக் கண்டோம்’ என்று முழங்கவில்லை. ‘உயிரின் அடையாளமாக இருக்கக்கூடும்’ என்றே எழுதினர். துளையிட்டு எடுத்த மாதிரி ஒரு குழாயில் அடைபட்டிருக்கிறது. இன்னும் பூமிக்கு வந்து சேரவில்லை. மனித குலத்தின் மிகப் பெரிய வினாக்களுள் ஒன்று அச்சிறு குழாயில் காத்துக் கிடக்கிறது.

இளைஞர்களே! இவ்வூர்திகள் அனுப்பும் மூலப் படங்களை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா யாவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுகிறது. கட்டணம் இல்லை, பரிந்துரை வேண்டியதில்லை, நீ யார், எந்தத் தெரு என்று கேட்பார் இல்லை. ஏட்டைத் தொடவும் கூடாதென்று தடுக்கப்பட்ட முன்னோரின் வழிவந்த நமக்கு இதன் அருமை பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட்டமிட்டும் வண்ணம் கூட்டியும் எவரோ அனுப்பிய படத்தை நம்பிக் கிடப்பதேன்? மூலத்தைத் திறந்து பாருங்கள். அளவைக் கேளுங்கள், முன்னைய படத்தைத் தேடுங்கள், யாருடையது என்று ஆராயுங்கள்.

தொலைவில் நின்று ஒன்றைப் பார்த்து, அதற்குப் பெயரிட்டு, அப்பெயரையே மெய்யென்று ஊரெல்லாம் பரப்புவது எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதை நம் சமுதாயம் பட்டு அறிந்திருக்கிறது. அப்பிழையை ஒரு கல்லுக்குக்கூட நாம் இழைக்கலாகாது. அருகே செல்வோம், அளந்து பார்ப்போம், சான்று கிட்டும் வரை பொறுத்திருப்போம்.

அந்தக் குழாய் என்றேனும் பூமிக்கு வரும் நாளில், அதைத் திறந்து ஆயும் ஆய்வுக்கூடத்தில் நம் பிள்ளை ஒருவரும் நிற்க வேண்டும். இந்த வெள்ளி விழாவில் நாம் கொள்ளும் அவா அதுவே.