பிள்ளைகளின் பாஸ்போர்ட்: தேதியைப் பாருங்கள்

 

1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களின் வாரிசுகள் காரைக்காலில் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க, பிள்ளையையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரி துணைத் தூதரகத்துக்குப் போகவேண்டும். ஒரு வழிக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும். பிள்ளைகளுடையது 5 ஆண்டுதான். இந்தியப் பாஸ்போர்ட்டிலும் சிறு பிள்ளைகளுக்குக் கூடினால் 5 ஆண்டே. அத்தாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்து, 'இன்னும் காலமிருக்கிறது' என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் ஒரு மவுத்து என்று அவசரமாகப் புறப்படும்போது பிள்ளையை விட்டுவிட்டுப் போகும்படி ஆகும்.

இன்றே தேதியைப் பாருங்கள். முன்பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்துகள் சரிதானா என்று வீட்டிலேயே ஒத்துப்பாருங்கள். இன்ஷா அல்லாஹ், ஒரே பயணத்தில் காரியம் முடியும். வஸ்ஸலாம்.