இரண்டாம் கடையும் இருப்பும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஊரைவிட்டு வந்து இக்குடியிருப்பில் வாழும் நாம், புழுங்கலரிசிக்கும் புளிக்கும் ஒரே கடையை நம்பியிருக்கின்றோம். கடைக்காரர் நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டால் நம் அடுக்களை படும் பாடு தாய்மார்கள் அறிந்ததே. இதே பாட்டினை மாபெரும் தொழில் நிறுவனம் ஒன்றும் பட்டதுண்டு.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் மோட்டார் வண்டிகள் செய்வது. உறுப்புகளைக் குவித்து வைத்தல் வீண் செலவு, வேண்டிய பொழுதில் வந்தால் போதும் என்பது அதன் கொள்கை. 1997 பிப்ரவரி 1 அன்று கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பற்றியது. பின்சக்கரத் தடையின் அழுத்தத்தை அளவுபடுத்தும் சிறிய வால்வு ஒன்று ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் செய்யப்பட்டு வந்தது. இருப்போ மிகச் சொற்பம். ஜப்பானிலிருந்த டொயோட்டா ஆலைகள் ஏறத்தாழ அனைத்தும் நின்றன.

பின் நடந்ததே வியப்பு. 60க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வரைபடங்களைப் பெற்றுத் தத்தம் பட்டறைகளில் அவ்வால்வைச் செய்யத் தொடங்கின. தையல் இயந்திரத்திற்குப் பெயர்பெற்ற பிரதர் நிறுவனமும் அவற்றுள் ஒன்று! உறவு பழையது; ஆதலின் விலை பேசிக்கொண்டு நிற்காமல் வேலையில் இறங்கினர். சில நாள்களிலேயே ஆலைகள் மீண்டும் ஓடலாயின.

ஆயினும் உறவு எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடுமோ? 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை சிதைந்து, மின்னணுச் சில்லு உற்பத்தி ஜூன் வரை தடைப்பட்டது. சில்லினை அண்டைப் பட்டறையில் செய்தல் இயலாது. வெவ்வேறு விற்பனையாளரிடம் வாங்கிய உறுப்புகளுக்குள்ளும் அவ்வோர் ஆலையின் சில்லே இருந்தமை அப்பொழுதுதான் புலனாயிற்று. நம் தெருவில் இரண்டாம் கடை திறந்தும், இருவரும் ஒரே மண்டியில் கொள்முதல் செய்வது போன்றதே இது.

அதன்பின் அந்நிறுவனம், தனக்கு விற்போர் எவரிடம் வாங்குகின்றனர் என்பதையும் பதிவு செய்தது. சில்லுகளை 2 முதல் 6 மாதத் தேவைக்கு இருப்பு வைக்கவும் கேட்டுக்கொண்டது. 2021 தொடக்கத்தில் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்தபொழுது பிறரினும் நன்கு தாக்குப்பிடித்தது. அவ்வாண்டு செப்டம்பரிலோ, திட்டமிட்ட உற்பத்தியில் 40 விழுக்காட்டினைக் குறைக்க நேர்ந்தது. இருப்புக்கும் ஓர் எல்லை உண்டன்றோ!

எல்லாவற்றையும் குவிக்க வேண்டுவதில்லை. விரைவில் மாற்றுக் காண இயலாததைக் காத்தல் போதும் என்பதே நம் கருத்து. ஆனால் இருப்பில் முடங்கும் பணத்திற்கு வட்டி யார் கொடுப்பது? அதைச் சிறு பட்டறைக்காரர் தலையில் சுமத்தினால் தொடர் அவரிடத்திலேயே அறும். நம் கூட்டுக் கொள்முதலிலும் முன்பணம் கட்ட இயலாத வீடுகள் சில உள. அவர்களுடைய பங்கைச் சங்க நிதியிலிருந்து முதலில் செலுத்தலாமா என்பதைச் செயற்குழு இன்று மாலை ஆராயவிருக்கின்றது. அன்பர்கள் தவறாது வருக.