மூணு பெட்டி, 90 கோடி டாலர்: ஆபீஸ் சாஃப்ட்வேர் ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு?

இன்னைக்கு நாம பேசப்போறது ஆபீஸ் சாஃப்ட்வேர் பத்தி. நாமளே விரும்பி டவுன்லோடு பண்ற ஆப் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு லாகின் ஐடியைக் கையில கொடுத்து, "இதுலதான் எல்லாம்"னு சொல்வாங்களே, அது. ஒரே திரையில நாற்பது பெட்டி, பன்னிரண்டு டேப், எதுக்குன்னே தெரியாத ஒரு பட்டன். பக்கத்து சீட் அக்கா, "அதை மட்டும் தொட்டுடாதப்பா"னு சொல்லித் தருவாங்க.

இந்த மாதிரித் திரைகளை மாற்றி அமைக்கிறதுதான் என் வேலை. இதுல நான் அடிக்கடி கேட்கிற வார்த்தை ஒண்ணு இருக்கு. "எனக்குத்தான் கம்ப்யூட்டர் அவ்வளவா வராது சார்." இருபது வருஷம் கணக்குப் பார்த்தவர் இதைச் சொல்வார். அவருக்கு எல்லாமே வரும். திரைதான் அவருக்கு வரலை. இது வெறும் ஆறுதல் இல்லை. இதுக்கு நீதிமன்ற ஆவணமாவே ஒரு சாட்சி இருக்கு, அந்தக் கதையைச் சொல்றேன்.

2020 ஆகஸ்ட் 11. அமெரிக்காவுல ரெவ்லான்னு ஒரு அழகுசாதன நிறுவனம். அது வாங்கின ஒரு பெரிய கடனுக்கு சிட்டி பேங்க்தான் ஏஜென்ட். அதாவது ரெவ்லான் கட்டுற பணத்தைக் கடன் கொடுத்தவங்களுக்குப் பிரிச்சு அனுப்புறது சிட்டியோட பொறுப்பு. அன்னைக்கு அனுப்ப வேண்டியது வட்டி மட்டும்தான், சுமார் 78 லட்சம் டாலர். ஆனா போனது கிட்டத்தட்ட 90 கோடி டாலர்! வட்டியோட சேர்த்து, இன்னும் மூணு வருஷம் தவணை பாக்கியிருந்த அசல் முழுசும் சிட்டியோட சொந்தப் பணத்துலேர்ந்து வெளியே போயிடுச்சு.

எப்படி? அங்கே இருந்த சாஃப்ட்வேர் ஃப்ளெக்ஸ்க்யூப். அன்னைக்குச் செய்ய வேண்டிய வேலைக்கு அதுல நேரடி வழி இல்லை. முழுக் கடனையும் அடைக்கிற மாதிரி பதிவு பண்ணணும். ஆனா அசல் நிஜமா வெளியே போகாம, 'வாஷ் அக்கவுண்ட்'ங்கிற உள் கணக்குக்குத் திருப்பி விடணும். அதுக்குத் திரையில மூணு பெட்டி இருந்தது. ஃப்ரன்ட், ஃபண்ட், பிரின்ஸிபல். பிரின்ஸிபல்னா அசல். அசலைத்தானே திருப்பணும்? அந்தப் பெட்டியில மட்டும் உள் கணக்கு எண்ணைப் போட்டாங்க. உண்மையில மூணுலயும் போட்டிருக்கணும்.

ஒருத்தர் பதிவு பண்ணினார், இன்னொருத்தர் சரிபார்த்தார், மூணாவது ஆள் ஒப்புதல் கொடுத்தார். ஆறு கண் சரிபார்ப்புன்னு இதுக்குப் பேரே உண்டு. முதல் ரெண்டு பேரும் நம்ம சென்னையில உட்கார்ந்து வேலை பார்த்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள். மூணாவது ஆள் அமெரிக்காவுல. மூணு பேருமே பிரின்ஸிபல் பெட்டி போதும்னுதான் நினைச்சாங்க. அனுப்புறதுக்கு முன்னாடி சாஃப்ட்வேர் ஒரு எச்சரிக்கையும் காட்டுச்சு. பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமான்னு கேட்டுச்சு. எவ்வளவு பணம்னு மட்டும் அதுல இல்லை.

மறுநாள்தான் விஷயம் தெரிஞ்சது. சில பேர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. மத்தவங்க சுமார் 50 கோடி டாலரைக் கொடுக்க முடியாதுன்னுட்டாங்க. 2021 பிப்ரவரியில நியூயார்க் நீதிமன்றம், அது எப்படியும் அவங்களுக்கு வர வேண்டிய கடன்தான், வச்சுக்கலாம்னு தீர்ப்பு சொல்லிச்சு. 2022 செப்டம்பர்ல மேல்முறையீட்டுல அது மாறினது. ஆனா ரெண்டு வருஷம் உலகத்தோட பெரிய வங்கிகள்ல ஒண்ணு, மூணு பெட்டிக்காக கோர்ட் வாசல்ல நின்னுச்சு.

இதைக் கேட்டதும் பல பேர் கேட்கிற கேள்வி, "மூணு பேர் பார்த்தும் எப்படிங்க தப்பும்?" என்னோட கேள்வி வேற. மூணு பேரும் எதைப் பார்த்தாங்க? மூணு பேரும் பார்த்தது அதே திரை, அதே பெட்டிகள். குழப்புற ஒரு விஷயத்தை மூணு பேர்கிட்ட காட்டினா, மூணு பேரும் ஒரே மாதிரிதான் குழம்புவாங்க. இன்னும் ரெண்டு கண்ணைச் சேர்த்திருந்தாலும் பெருசா ஒண்ணும் மாறியிருக்காது.

சரி, அந்தத் திரையை இன்னைக்கு நான் மாற்றி அமைக்கணும்னா என்ன செய்வேன்?

முதல்ல, பெட்டிக்குப் பதிலா கேள்வி. "அசல் எங்கே போகணும்? கடன் கொடுத்தவங்களுக்கா, நம்ம உள் கணக்குக்கா?" ரெண்டே பதில். உள் கணக்குன்னு சொன்னா, மூணு பெட்டியையும் சாஃப்ட்வேரே நிரப்பிக்கட்டும். அந்த மூணு பெட்டியும் டேட்டாபேஸுக்குத் தேவை, மனுஷனுக்கு இல்லை.

ரெண்டாவது, எச்சரிக்கையில விளைவைச் சொல்லணும். "இத்தனை பேருக்கு, மொத்தம் இவ்வளவு டாலர் வெளியே போகப்போகுது." வெறும் 'தொடரலாமா?' ஒரு நாளைக்கு அம்பது தடவை வந்தா, கை தானா ஓகே அழுத்தும். அது சோம்பேறித்தனம் இல்லை, பழக்கம்.

மூணாவது, சரிபார்க்கிறவருக்கு வேற திரை வேணும். முதல் ஆள் நிரப்பின பெட்டிகளைக் காட்டாம, விளைவைக் காட்டணும். இன்னைக்குக் கட்ட வேண்டிய வட்டி 78 லட்சம், வெளியே போறது 90 கோடின்னு பக்கத்துப் பக்கத்துல போட்டா, அதைப் பிடிக்க நிபுணர் வேண்டாம்.

கவனிச்சீங்களா, இந்த மூணுலயும் நான் கலரை மாத்தலை, ஐகானைத் தொடலை.

லாரி டெஸ்லர்னு ஒருத்தர் இருந்தார். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துல நம்ம கட், காப்பி, பேஸ்ட்டை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர். அவர் பேர்ல ஒரு விதி உண்டு. எந்த வேலையிலயும் குறைக்கவே முடியாத சிக்கல்னு ஓர் அளவு இருக்கும். அதை இல்லாம ஆக்க முடியாது, யார் தலையில வைக்கிறதுன்னுதான் முடிவு பண்ண முடியும். சாஃப்ட்வேர் எழுதுறவங்க ஒரு தடவை சுமக்கலாம். இல்லைன்னா பயன்படுத்துற ஆயிரம் பேர் தினமும் சுமக்கணும்.

ஆபீஸ் சாஃப்ட்வேர்ல பெரும்பாலும் ரெண்டாவதுதான் நடக்குது. காரணம், வாங்கறவர் வேற, பயன்படுத்துறவர் வேற. வாங்கற கமிட்டி வசதிகளோட பட்டியலைப் பார்த்து டிக் அடிக்கும். தினமும் எட்டு மணி நேரம் அதுக்கு முன்னாடி உட்காரப் போறவர் அந்த மீட்டிங்ல இருக்கவே மாட்டார். அப்புறம் ஏதாவது பிரச்சினைன்னா, "ட்ரெய்னிங் பத்தலை"ன்னு அவர் மேலேயே பழி.

இப்போ எதிர்ப்பக்கத்தையும் பேசணும். எளிமைங்கிற பேர்ல எங்க டிசைன் கூட்டம் பண்ற அநியாயமும் உண்டு. டேலி போடற அக்கவுண்டன்ட் யாரையாவது பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். பில் கையில, கண் பில்லுல, விரல் கீபோர்டுல. மவுஸையே தொடமாட்டார். அவர்கிட்டப் போய், வெள்ளை இடம் நிறைய விட்டு, பெரிய பட்டன் வச்சு, ஒவ்வொரு பதிவையும் நாலு பக்கமாப் பிரிச்சுக் கொடுத்தா என்ன ஆகும்? பார்க்க அழகா இருக்கும். அவர் வீட்டுக்குப் போக எட்டு மணி ஆகும்.

எஸ்ஏபி ஆட்களுக்கும் இது புரியும். பர்ச்சேஸ் ஆர்டருக்கு எம்ஈ21என், சேல்ஸ் ஆர்டருக்கு விஏ01. புதுசா வர்றவங்களுக்கு அது மந்திரம், பழகினவங்களுக்கு வேகம். 2013ல எஸ்ஏபி கொண்டு வந்த ஃபியோரியோட அடிப்படை யோசனை, எல்லாருக்கும் எல்லாத்தையும் காட்டாம, அவங்கவங்க பொறுப்புக்குத் தேவையானதை மட்டும் காட்டறது. நல்ல யோசனைதான். ஆனா பழகின கைக்குக் குறுக்குவழியையும் விட்டு வைக்கணும். எளிமைன்னா பெட்டியைக் குறைக்கிறது இல்லை. எதைச் செஞ்சா என்ன நடக்கும்னு செய்யறவருக்கு முன்கூட்டியே தெரியறது.

எங்கே ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, நான் முதல்ல திரையைப் பார்க்கமாட்டேன், மானிட்டர் ஓரத்தைப் பார்ப்பேன். அங்கே ஒட்டியிருக்கிற மஞ்சள் சீட்டுதான் நிஜமான யூசர் மேனுவல். "கோடு 07 போடாதே", "சேவ் ரெண்டு தடவை அழுத்து." ஒவ்வொரு சீட்டும் சாஃப்ட்வேர் சொல்ல மறந்த ஒரு வரி. அடுத்தது, பக்கத்துல திறந்திருக்கிற எக்செல். சாஃப்ட்வேர் செஞ்சிருக்க வேண்டிய வேலையை அவங்களே அங்கே செஞ்சுட்டிருப்பாங்க. இந்த ரெண்டையும் வச்சு ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்க. மாத்தறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் ஆச்சு, எத்தனை தடவை திருத்தினாங்க, எத்தனை தடவை ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் பண்ணாங்கன்னு எழுதி வையுங்க. மாத்தின பிறகும் எண்ணுங்க. "நல்லா இருக்கா?"ன்னு கேட்டா எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க.

இன்னொண்ணு, தேதி. மார்ச் கடைசியில கணக்கு முடிக்கிற நேரத்துலயும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடற 20ஆம் தேதியை ஒட்டியும் தயவுசெஞ்சு புதுத் திரையை இறக்காதீங்க. பழசையும் புதுசையும் கொஞ்ச நாள் சேர்ந்தே ஓட விடுங்க. யார் பழசுக்கே திரும்பிப் போறாங்கன்னு பாருங்க. ஏன் போறாங்கன்னு அவங்களைக் கேளுங்க. அவங்க பிடிவாதக்காரங்க இல்லை, உங்களுக்கு இன்னும் தெரியாத ஏதோ ஒரு வேலையை அங்கே செஞ்சுட்டிருக்காங்க.

இதைக் கேட்கிறவங்கள்ல சில பேர் கோடு எழுதுறவங்க, சில பேர் அந்தக் கோடோட தினமும் மல்லுக்கட்டுறவங்க. எழுதுறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த வாரம் ஒரு மணி நேரம், உங்க திரையைப் பயன்படுத்துற ஒருத்தர் பக்கத்துல பேசாம உட்காருங்க. சொல்லிக் கொடுக்க வேண்டாம், பாருங்க. மல்லுக்கட்டுறவங்களுக்கு: அடுத்த தடவை தப்பு நடந்தா, "நான் கவனிக்கலை"ன்னு மட்டும் மெயில் போடாதீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இந்த இடத்துல எனக்கு இப்படிப் புரிஞ்சது"ன்னு எழுதுங்க. திரையை மாத்தப் போறவங்களுக்கு அதைவிட உருப்படியான தகவல் எதுவும் கிடைக்காது.

உங்க மானிட்டர்ல ஒட்டியிருக்கிற சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க, பாஸ்வேர்டைத் தவிர! அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.